பூனையல்ல, பூசாரி

அன்புள்ள ஆசிரியருக்கு,

நரம்பு செல்கள் பற்றிப் படிக்கும்போது பெர்னார்ட் காட்ஸ் என்ற யூத விஞ்ஞானியின் பெயர் கண்ணில் பட்டது. ஜெர்மன் கற்கும் என் நண்பர், ‘காட்ஸ் என்றால் பூனை, யூதர்களை இழிவுபடுத்த அதிகாரிகள் சூட்டிய பெயர்’ என்கிறார். உண்மைதானா? காட்ஸ் குடும்பத்தார் இன்று எங்கெல்லாம் இருக்கிறார்கள்?

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

உங்கள் நண்பருக்கு ஜெர்மன் நன்றாகவே வருகிறது. ‘காட்ஸே’ பூனைதான். ஆனால் இந்தப் பெயரை எபிரேய எழுத்தில் பார்த்தால் பூனை ஓடிவிடும். இரண்டே எழுத்துகள், நடுவில் மேலே இரட்டைக் கோடு. எபிரேயத்தில் அந்தக் கோடு சுருக்கெழுத்துக்கான அடையாளம். ‘கோஹென் ட்ஸெடெக்’, அதாவது நீதியின் ஆசாரியன் என்பதன் முதலெழுத்துகள் அவை. யூதர்களின் தீர்க்கதரிசி மோசேயின் அண்ணன் ஆரோனின் ஆண்வழி வந்தவர்கள் கோஹென்கள், பழைய ஜெருசலேம் ஆலயத்தின் பூசாரிகள். கி.பி. 70ல் ரோமர்கள் ஆலயத்தை அழித்தார்கள். பூசை நின்றது, பட்டம் மட்டும் தகப்பனிடமிருந்து மகனுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. மரபைக் காப்பவர்கள் இன்றும் மணவிலக்குப் பெற்ற பெண்ணை மணப்பதில்லை. நெருங்கிய உறவினர் சாவைத் தவிர இடுகாட்டுக்குள் போவதில்லை.

ஆஸ்திரியப் பேரரசர் இரண்டாம் ஜோசப் 1787ல் யூதர்கள் அனைவரும் ஜெர்மன் குடும்பப்பெயர் வைத்தாக வேண்டும் என்று ஆணையிட்டார். கேலிப்பெயர்க் கதைகள் பெரும்பாலும் அந்தக் காலத்தைச் சுற்றிக் கிளம்பியவை. காட்ஸ் அதற்கும் மூத்தது. ஜெர்மன் காதுக்கு உறுத்தாத ஒலி என்பது அதற்குக் கிடைத்த அதிர்ஷ்டம்.

எங்கெல்லாம் என்று கேட்கிறீர்கள். ஜெர்மனி, பொஹீமியா, போலந்து, ஹங்கேரி என அஷ்கெனாசி யூதர்கள் (மத்திய, கிழக்கு ஐரோப்பிய யூதர்கள்) வாழ்ந்த நிலமெங்கும் இருந்தார்கள். 1880களுக்குப் பிறகு பெருந்திரளாக அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள்; இன்று அங்கும் இஸ்ரேலிலும் அதிகம். உங்கள் பெர்னார்ட் காட்ஸ் 1911ல் லைப்சிக்கில் பிறந்தவர். நாஜிகளிடமிருந்து தப்பி 1935ல் லண்டன் சேர்ந்தார், 1970ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஆனால் ‘காட்ஸ் குடும்பம்’ என்று நீங்கள் எழுதியதை ஒப்புக்கொள்ள மாட்டேன். நம்மூரில் ‘குருக்கள்’ என்று பெயருக்குப் பின்னால் போடுபவர்களெல்லாம் ஒரே குடும்பமா? அது போலத்தான் இதுவும். யூதரல்லாத ஜெர்மானிய காட்ஸ்களும் உண்டு; அவர்களில் பலருக்கு உங்கள் நண்பரின் பூனை பொருந்தும். அன்று ஆஸ்திரியப் பேரரசில் இருந்த, இன்று போலந்திலும் உக்ரைனிலும் இருக்கும் கலீஷியாவில் இன்னொரு வேடிக்கை நடந்தது. யூத மதகுருவான ரப்பி நடத்திவைத்த திருமணத்தைப் பலர் அரசிடம் பதியவில்லை. எனவே பிள்ளைகள் தாயின் குடும்பப்பெயரில் பதிவானார்கள். தாய்வழியில் காட்ஸ் ஆனவர் கோஹென் ஆகிவிட மாட்டார். மறுபக்கம், கோஹென்கள் பலர் கப்லான், ரப்பபோர்ட் என்று வேறு பெயர்களில் இருக்கிறார்கள். ரஷ்ய மொழியில் ‘ஹ’ ஒலி இல்லாததால் கோஹென் ‘கோகன்’ ஆனது.

1997ல் கோஹென்களின் ஒய் குரோமோசோமை (தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகும் மரபுக்கூறு) ஆராய்ந்தவர்களும் பெயரை நம்பவில்லை; ‘நீங்கள் கோஹெனா?’ என்று ஆளையே கேட்டார்கள். பலரிடம் பொதுவான ஒரு தந்தைவழி தெரிந்தது. 2009ல் வந்த ஆய்வு, ஒன்றுக்கு மேற்பட்ட தந்தைவழிகள் இருப்பதைக் காட்டியது.

பெயரைவிடக் கல்லறையை நம்பலாம். கோஹென்களின் கல்லில் ஆசி வழங்கும் இரு கைகளைச் செதுக்குவது வழக்கம், விரல்கள் இரண்டிரண்டாகப் பிரிந்திருக்கும். நடிகர் லெனார்ட் நிமோய் சிறுவயதில் யூத ஜெப ஆலயத்தில் எட்டிப் பார்த்து, பின்னாளில் ‘ஸ்டார் ட்ரெக்’ தொலைக்காட்சித் தொடரில் தான் நடித்த ஸ்பாக் பாத்திரத்தின் வணக்கமாக்கியது அந்தக் கையைத்தான். உங்கள் நண்பர் ஜெர்மனி போனால் பழைய யூத இடுகாடு ஒன்றில் அந்தக் கைகளைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.