கியூவும் இசட்டும் ஒரே சொல்லில்

கேள்வி: என் மகன் தரம் 8 படிக்கிறான். பாடசாலை ஆங்கில மன்றப் போட்டிக்கு, கியூ, இசட் இரண்டு எழுத்துகளும் வருகிற, 10 எழுத்துக்குக் குறையாத ஆங்கிலச் சொற்கள் பத்து வேண்டும். இரண்டு இரவு தேடியும் எனக்கு மூன்றுதான் கிடைத்தன. மீதியை நீங்கள்தான் தர வேண்டும்.
— வாசகி ஒருவர், வெள்ளவத்தை

பதில்: ‘எனக்கு மூன்றுதான் கிடைத்தன’ என்ற இடத்திலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். போட்டிக்குப் பெயர் கொடுத்தவர் தூங்கிவிட்டார், அம்மா விழித்திருக்கிறார். சரி, அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் உங்கள் மூன்றையும் பார்ப்போம். குவிஸ்மாஸ்டர்: எண்ணிப் பார்த்தேன், சரியாக 10 எழுத்து. தேறிவிட்டது. அடுத்தது மொசாம்பிக். இதிலும் 10 எழுத்து, இரண்டு எழுத்துகளும் உண்டு. போதாததற்கு இசட் முன்னாலும் கியூ பின்னாலும் வருவது அபூர்வம். ஆனால் அது ஆபிரிக்காவில் ஒரு நாடு. சொல் விளையாட்டுகளில் ஊர்ப் பெயரும் நாட்டுப் பெயரும் பொதுவாகச் செல்லாது. மூன்றாவது ஈக்குவலைசேஷன். நீங்கள் எழுதி அனுப்பியதை அப்படியே தருகிறேன்: ஈ, கியூ, யூ, ஏ, எல், ஐ, எஸ், ஏ, ரீ, ஐ, ஓ, என். இதில் இசட் எங்கே, சகோதரி?

உங்களில் முழுக் குற்றமும் இல்லை. நாமெல்லாம் பிரித்தானிய எழுத்துக்கூட்டலில் வளர்ந்தவர்கள். ‘ஐஸ்’, ‘ஐசேஷன்’ என்று முடியும் சொற்களுக்கு எஸ் போட்டே கை பழகிவிட்டது. யாராவது இசட் போட்டால் ‘அது அமெரிக்கன்’ என்று சிவப்புப் பேனையால் சுழித்துவிடுவோம். ஆனால் பிரித்தானியாவின் ஒக்ஸ்போர்ட் ஆங்கில அகராதியே இந்த விகுதிக்கு இசட்டைத்தான் முதலில் வைக்கிறது. விகுதியின் வேர் கிரேக்கம், அங்கே அந்த எழுத்து இசட் என்பது அவர்கள் நியாயம். அதற்காக எல்லாவற்றுக்கும் இசட் போட்டுவிடக் கூடாது. அட்வைஸ், சர்ப்ரைஸ், எக்சர்சைஸ் போன்றவை வேறு வழியில் வந்தவை. அவற்றுக்கு எஸ் மட்டும்தான்.

ஆகவே தேடத் தொடங்குமுன் மகன் செய்ய வேண்டிய முதல் வேலை, ரீச்சரிடம் போய் ‘இசட் போட்ட எழுத்துக்கூட்டலை ஏற்பீர்களா’ என்று கேட்பது. ஏற்கமாட்டேன் என்றால் பாதிப் பட்டியல் அங்கேயே போய்விடும். குவிஸ், ஸ்குவீஸ், குவார்ட்ஸ் என்று இசட்டை விடவே முடியாத சொற்களின் பக்கம்தான் போக வேண்டும்.

இனி, எப்படித் தேடுவது. நீங்கள் அகராதியில் கியூ பகுதியைப் புரட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அகராதி சொற்களை மோனைப்படி அடுக்கி வைத்திருக்கிறது. உங்களுக்கு வேண்டியதோ சொல்லின் நடுவும் வாலும். நம்மவர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. சூடாமணி நிகண்டின் 11ஆம் தொகுதியில் சொற்கள் எதுகைப்படி, அதாவது இரண்டாம் எழுத்தை வைத்து அடுக்கப்பட்டிருக்கின்றன. முதலெழுத்து மட்டுமே வாசல் இல்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆங்கிலத்தில் கியூ எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் வேலை பாதி குறையும். பழைய ஆங்கிலத்தில் குவீனுக்கே கியூ கிடையாது. சீ, டபிள்யூ போட்டுத்தான் எழுதினார்கள். 1066இல் நோர்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, பிரெஞ்சு வழக்கில் பழகிய எழுத்தர்கள் கியூவைக் கொண்டுவந்தார்கள். அதனால் நீளமான கியூ சொற்களில் பெரும்பாலானவை இலத்தீன் வழி வந்தவை. இசட்டோ கிரேக்க விகுதியில் உட்கார்ந்திருக்கிறது. இலத்தீன் தலை, கிரேக்க வால்: ஈக்குவல் என்ற தலையில் அந்த வாலை ஒட்டினால் உங்கள் 12 எழுத்துச் சொல். மகன் ஒரு கொப்பியில் கியூ வரும் சொற்களாக எழுதிக்கொண்டு போகட்டும், பிறகு ஒவ்வொன்றாக வாலை ஒட்டிப் பார்த்து, இருக்கிறதா என்று அகராதியில் சரிபார்க்கட்டும். இசட் என்றால் உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளி ஒன்றையே அறிந்த நம் பிள்ளைகளுக்கு இது ஒரு மாறுதலாகவும் இருக்கும்.

போனில் தேடலாமே என்பீர்கள். தேடலாம். சில இணைய அகராதிகளில் நட்சத்திரக் குறி, கியூ, நட்சத்திரக் குறி, இசட், நட்சத்திரக் குறி என்று தட்டினால், கியூவுக்குப் பின் எங்காவது இசட் வரும் சொற்களெல்லாம் கொட்டும். இசட் முன்னால் வருவதற்கு மாற்றித் தட்ட வேண்டும். அப்போது பெசீக் என்ற சீட்டாட்டத்தின் பெயர் வரும், ஆனால் அது 7 எழுத்துதான். கொட்டுகிற சொற்களில் பொருள் தெரிந்தது எத்தனை என்பது வேறு கதை.

நீளத்தைக் கண்டு மயங்கவும் வேண்டாம். நியூமோனோ என்று தொடங்கி கோனியோசிஸ் என்று முடியும் ஒரு நுரையீரல் நோயின் பெயரை மாதம் ஒருவராவது எனக்கு எழுதி அனுப்புகிறார். 45 எழுத்து. 1935இல் அமெரிக்கப் புதிர்ச் சங்கமொன்றின் தலைவர், நீளமாக இருக்க வேண்டும் என்றே கட்டிய சொல் அது. அதில் உங்கள் கியூவும் இல்லை, இசட்டும் இல்லை. மொத்தமே 14 எழுத்துகளைத் திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறார்கள். அதற்குப் பதில் அன்கொப்பிரைட்டபிள் என்ற சொல்லை எடுங்கள், பதிப்புரிமை பெற முடியாதது என்று பொருள். 15 எழுத்து, 15உம் வேறு வேறு. (இந்தப் பக்கத்தை அப்படியே எடுத்துப் போடுகிறவர்கள் நம்மையும் அந்த வகையில் சேர்த்துவிட்டார்கள் போலும்.)

பத்தும் தரமாட்டேன். குவிஸ்மாஸ்டர் ஏற்கெனவே இருக்கிறது. எஸ்ஸை இசட்டாக்கினால், ரீச்சரும் சம்மதித்தால், ஈக்குவலைசேஷன் இரண்டாவது. மூன்றாவதாகக் குவிஸிக்கலி, 11 எழுத்து, இரட்டை இசட். ‘இதென்ன கதை’ என்று புருவத்தை உயர்த்திப் பார்க்கிற பார்வைக்குச் சொல்வது. உங்கள் கடிதத்தை வாசித்தபோது நான் பார்த்த பார்வை.

நான்காவதை உங்களுக்கென்றே எடுத்து வைத்தேன்: வென்ட்ரிலக்வைஸ், 13 எழுத்து. இதற்கும் வாலில் இசட் போட வேண்டும். இலத்தீனில் வயிறு என்ற சொல்லும் பேசு என்ற சொல்லும் சேர்ந்தது. மடியில் பொம்மையை வைத்துக்கொண்டு, தன் உதடு அசையாமல் பொம்மை பேசுவதுபோல் பேசிக் காட்டுவார்களே, அந்த வித்தைக்கான வினைச்சொல். அதே ‘பேசு’ இன்னும் இரண்டு மூன்று நீண்ட சொற்களில் ஒளிந்திருக்கிறது. அவற்றை மகன் பிடிக்கட்டும்.

போட்டியன்று மகன் மேடையேறி இந்தச் சொல்லைச் சொல்லும்போது, கடைசி வரிசையில் இருக்கிற உங்கள் உதடு அசையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.