கம்பெனி பிழைக்கும், பங்கு பிழைக்குமா?

கேள்வி: பெயர்பெற்ற ஒரு நிறுவனம் திவால் மனு தாக்கல் செய்திருக்கிறது. பங்கு விலை உச்சத்திலிருந்து 95 சதவீதம் சரிந்துவிட்டது. இவ்வளவு பெரிய கம்பெனியை இழுத்து மூடிவிட மாட்டார்கள் என்று நம்புகிறேன். சேமிப்பில் கொஞ்சம் போட்டு வாங்கலாமா?

பதில்: வேண்டாம். கம்பெனி மூடாது என்ற உங்கள் கணிப்பு சரியாகவே இருக்கலாம். அப்படியே பிழைத்தாலும், இன்று நீங்கள் வாங்கும் பங்கு அதோடு சேர்ந்து பிழைக்கும் என்று சொல்ல முடியாது.

திவாலில் பணம் வரிசைப்படிதான் போகும். அடமானம் பிடித்துக் கடன் கொடுத்த வங்கிகள், ஊழியர் சம்பளம், வரி பாக்கி, கடன் பத்திரம் வாங்கிக் கம்பெனிக்குக் கடன் கொடுத்தவர்கள், சரக்கு கொடுத்தவர்கள் என்று எல்லோரும் உங்களுக்கு முன்னால் நிற்பார்கள். முன்பின் வரிசை நாட்டுக்கு நாடு கொஞ்சம் மாறும். சாதாரண பங்குதாரருக்கு எங்கேயும் கடைசி இடம்தான்.

கம்பெனியைக் காப்பாற்றும்போது பெரும்பாலும் கடன் கொடுத்தவர்கள் தங்களுக்கு வரவேண்டிய கடனைப் புதுப் பங்குகளாக மாற்றிக்கொள்வார்கள், பழைய பங்குகள் ரத்தாகும். ஜெனரல் மோட்டார்ஸ் 2009 ஜூனில் திவாலானது. கார் உற்பத்தி நிற்கவில்லை, புதிய நிறுவனம் 2010 நவம்பரில் பங்குச்சந்தைக்கும் வந்தது. பழைய பங்கு வைத்திருந்தவர்களுக்கு அதில் ஒன்றுமே கிடைக்கவில்லை.

ஹெர்ட்ஸை நீங்கள் உதாரணம் காட்டலாம். 2020 மே மாதம் திவாலான அந்தக் கார் வாடகை நிறுவனத்தின் பழைய பங்குதாரர்களுக்கு 2021இல் நல்ல தொகை கிடைத்தது உண்மை. பயணங்கள் மீண்டன, பழைய கார் விலை ஏறியது, நிறுவனத்தை வாங்கப் போட்டி வந்தது. இத்தனையும் ஒன்றுகூடுவது அபூர்வம். 2020 ஜூனில் புதுப் பங்கு விற்க முயன்றபோது, இவை மதிப்பில்லாமல் போகலாம் என்று அந்த நிறுவனமே எழுதி எச்சரித்தது.

95 சதவீதம் விழுந்துவிட்டதே, இனி எங்கே விழும் என்று தோன்றும். இன்று போடும் பணத்துக்கு அந்தப் பழைய சரிவு எந்தப் பாதுகாப்பும் தராது. அந்தப் பணமும் முழுசாகப் போகலாம். இடையில் விலை ஒரே நாளில் இரட்டிப்பானாலும் ஏமாறாதீர்கள். விலை இறங்கும் என்று பந்தயம் கட்டி, பங்கைக் கடன் வாங்கி விற்றவர்கள், அதைத் திருப்பிக் கொடுக்க அவசரமாக வாங்கினாலே அப்படி ஏறும். சந்தைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டால் விற்க ஆள் தேடவேண்டியிருக்கும்.

ஒரு விஷயத்தை நீங்களே பார்த்துவிடலாம். அந்தக் கம்பெனியின் கடன் பத்திரங்கள் என்ன விலைக்குப் போகின்றன? முக மதிப்பு, அதாவது கம்பெனி திருப்பித் தரவேண்டிய தொகை, 100 உள்ள பத்திரம் 30க்குக் கைமாறினால், கடன் கொடுத்தவர்களுக்கே முழுப் பணம் வராது என்று சந்தை நினைக்கிறது. அப்படியானால் பங்குக்கு மிஞ்ச எதுவும் இல்லை. அப்புறம், கடனையும் பங்குகளையும் எப்படி மாற்றியமைப்பார்கள் என்று சொல்லும் மறுசீரமைப்புத் திட்டம் வெளியாகியிருந்தால், அதில் பழைய பங்குகளைப் பற்றிய பகுதியை முதலில் படியுங்கள். ரத்து என்று இருந்தால் இன்றைய விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்தப் பக்கம் போகாதீர்கள்.