'ஒய்டா' ஏன் இப்படி? – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

இறையியல் படிக்கிறேன், இந்த வருஷம் கிரேக்கம் ஆரம்பிச்சிருக்கோம். 'ஒய்டா'ன்னா 'எனக்குத் தெரியும்'னு அர்த்தம், ஆனா அகராதில பெர்ஃபெக்ட்னு (ஒரு வினைக்காலம்) போட்டிருக்கு. பெர்ஃபெக்ட்னா முடிஞ்சுபோனதுதானே, அப்புறம் எப்படி நிகழ்காலம்? பன்மைக்குப் போனா 'இஸ்மென்'னு (எங்களுக்குத் தெரியும்) ஆளே மாறிடுது. 'கினோஸ்கோ'வுக்கும் இதே அர்த்தம்தான் சொல்றாங்க. மனப்பாடம் தவிர வழியே இல்லையா?

ஒரு வாசகி

வணக்கம்மா,

மனப்பாடம் பண்ணத்தான் வேணும், ஆனா காரணம் தெரிஞ்சுட்டா பாதி பாரம் குறைஞ்சிடும். பெர்ஃபெக்ட்ட 'முடிஞ்சுபோனது'ன்னு சொல்லிக்கொடுக்கிறதுலதான் குழப்பமே ஆரம்பிக்குது. பழைய கிரேக்கத்துல அது, நடந்தத விட அதனால இப்ப இருக்கற நிலைமையத்தான் சொல்லும். 'தெத்னேகெ'ன்னா செத்துக்கிடக்கிறான், 'ஹெஸ்தேகா'ன்னா நின்னுட்டிருக்கேன். ஒய்டாவோட வேருக்கு அர்த்தம் 'பார்', 'எய்டொன்' (பார்த்தேன்) வர்றதும் அதே வேர்லதான், அதனால பார்த்தாச்சு, இப்ப தெரியும், அவ்வளவுதான் கணக்கு. நம்மளும் 'மலை தெரியுது', 'அவர எனக்குத் தெரியும்'னு கண்ணுக்கும் அறிவுக்கும் ஒரே வினையத்தானே வச்சிருக்கோம்.

இனி பன்மை. ரொம்பப் பழங்காலத்துல சொல்லு முன்னாடி ஒரு வகரம் இருந்துச்சு, 'வொய்டா'. வகரம் பின்னாடி உதிர்ந்துபோச்சு, ஆனா பழைய காவியக் கவி ஹோமரோட யாப்புல பல இடத்துல அதோட தடம் இன்னும் கிடக்கு. ஒருமைல வேர் 'ஒய்ட்', பன்மைல சுருங்கி 'இட்'. ஹோமர்ல 'இட்மென்'னே வரும், ஏதென்ஸ்காரங்க அத 'இஸ்மென்' ஆக்கிட்டாங்க. சமஸ்கிருதத்துல 'வேத' (தெரியும்), 'வித்ம' (எங்களுக்குத் தெரியும்)னு அச்சு அசலா இதே ஆட்டம் நடக்குது, ரெண்டு மொழியிலயும் மத்த பெர்ஃபெக்ட்ல வர்ற முதலெழுத்து இரட்டிப்பு இந்த வினைக்கு மட்டும் கிடையாது, எனக்கு இதப் பார்க்கறப்பல்லாம் சிலிர்க்கும். ஒழுங்கில்லாத வினைன்னு இத ஒதுக்காதீங்க, இதுதான் எல்லாத்தையும் விட பழைய ஒழுங்க காப்பாத்தி வச்சிருக்கு.

உங்களுக்கு ஒரு நல்ல சேதி, புதிய ஏற்பாட்டுக் காலத்துக்குள்ள பேச்சுமொழி இத பெரும்பாலும் சமன் பண்ணிடுச்சு, பன்மையிலயும் ஒருமையோட 'ஒய்ட்'டே வந்துடுச்சு. லூக்கா 23:34ல 'அறியாதிருக்கிறார்களே'ங்கற இடத்துல இருக்கறது 'ஒய்டாசின்', பிளேட்டோவா இருந்தா 'இசாசின்'னு எழுதியிருப்பார். ஆனா 'இஸ்தெ' (உங்களுக்குத் தெரியும்) மாதிரி பழைய உருவம் அங்கங்க தலகாட்டும், கவனமா இருங்க. 'இஸ்தி'ன்னா 'தெரிஞ்சுக்கோ', 'இரு'ன்னு ரெண்டு ஏவலுக்கும் ஒரே உருவம், இடத்த வச்சுத்தான் பிரிக்கணும்.

பிளேட்டோன்னதும் ஒண்ணு. 'எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கறது எனக்குத் தெரியும்'னு சாக்ரடீஸ் பேர்ல சுத்தற வாசகம் பிளேட்டோ எழுதினதுல அப்படியே இல்ல. கிமு 399ல சாக்ரடீஸ் மேல நடந்த விசாரணைய பத்தி பிளேட்டோ எழுதின 'அப்பாலஜி'ல சாக்ரடீஸ் சொல்றது, எனக்குத் தெரியாதத தெரியும்னு நான் நினைக்கறதில்லைன்னு. அங்க வர்ற 'தெரியாதது', 'தெரியும்' ரெண்டுமே நம்ம ஒய்டாதான்.

கினோஸ்கோ அடிப்படைல தெரிஞ்சுக்கறது, அடையாளம் கண்டுக்கறது, ஒய்டா தெரிஞ்சு வச்சிருக்கறது. பிற்காலத்துல ரெண்டும் நெருங்கி வந்துடுச்சு, ஒவ்வொரு வசனத்துலயும் ஆழமான வித்தியாசம் தேடாதீங்க. யோவான் 21:17ல பேதுரு ஒரே மூச்சுல ரெண்டையும் சொல்றார், 'எல்லாவற்றையும் அறிவீர்'ங்கறது ஒய்டா, 'நேசிக்கிறேன் என்பதையும் அறிவீர்'ங்கறது கினோஸ்கோ. அந்த வசனத்த கிரேக்கத்துல வச்சு ஒருதடவ சத்தமா வாசிச்சுப் பாருங்க.