பூனை கவ்விய மரநாய்க் குட்டி: பாலுக்கு முன்னால் சூடு

கேள்வி: கேரளத்தில், பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பழைய ஓட்டு வீடு எங்களுடையது. இன்று காலை எங்கள் பூனை ஒரு மரநாய்க் குட்டியைக் கவ்விக்கொண்டு வந்தது. பிடுங்கி அட்டைப்பெட்டியில் வைத்திருக்கிறோம். பின்தொடையில் இரண்டு பல் தடம், லேசாக ரத்தம். கண் இப்போதுதான் திறந்திருக்கிறது. இங்க் ஃபில்லரில் பசும்பால் கொடுத்தோம், பாதி மூக்கு வழியாக வந்துவிட்டது. மஞ்சள் பத்துப் போடலாம் என்கிறார் அம்மா. வளர்க்கலாம் என்கிறான் பையன். அவன் விரலைக் கீறியும் விட்டது. பொள்ளாச்சியில் தெரிந்த டாக்டர் இருக்கிறார், கொண்டு போகலாமா?

பதில்: ஃபில்லரைக் கீழே வையுங்கள். குட்டியின் வயிற்றைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். ஜில்லென்று இருந்தால் அதற்கு இப்போது வேண்டியது சூடு, பால் இல்லை. உடம்பு குளிர்ந்துபோன குட்டிக்குச் செரிமானம் நடக்காது. ஊட்டிய பால் வயிற்றிலேயே கிடந்து புளித்து உப்பிவிடும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், தென்னை மட்டையோடு விழுந்த மூன்று அணில்பிள்ளைகளுக்கு ஆசை ஆசையாகப் பசும்பால் புகட்டி, விடிவதற்குள் இரண்டைப் பறிகொடுத்தவன்.

ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றி, பழைய பனியனில் சுற்றி, பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் குட்டி மறுபக்கம் நகர்ந்துகொள்ளும். டர்க்கி டவல் வேண்டாம், நூலில் நகம் மாட்டும். காற்றுப் போக ஓட்டை போட்டுப் பெட்டியை மூடி, டிவி சத்தம் எட்டாத அறையில் விடுங்கள். அக்கம்பக்கத்தார் வந்து திறந்து பார்ப்பதற்கு அது தொட்டில் குழந்தை இல்லை.

மூக்கில் பால் வந்தது எனக்குக் கவலையாக இருக்கிறது. நுரையீரலுக்குள் கொஞ்சம் இறங்கினாலும் நிமோனியா வரலாம். பெரும்பாலும் மனிதக் குழந்தையைப் போல மல்லாக்கக் கிடத்தி ஊட்டுவதால் வரும் வினை இது. குட்டி தாயிடம் குடிப்பது குப்புறப் படுத்துத்தான். டாக்டரிடம் இதை மறக்காமல் சொல்லுங்கள். அதுவரை பசும்பால் கூடவே கூடாது, பேதி பிடுங்கிவிடும். டாக்டர் கைக்குப் போக நேரமாகும் என்றால், உடம்பு நன்றாகச் சூடேறித் தலையைத் தூக்குகிற நிலைக்கு வந்த பிறகு, வெதுவெதுப்பான ஓஆர்எஸ் கரைசலை ஊசி கழற்றிய 1 மில்லி சிரிஞ்சில் எடுத்து, உதட்டோரம் ஒவ்வொரு சொட்டாக வைக்கலாம். நக்கி விழுங்கினால் தொடருங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

'இரண்டு பல் தடம், லேசாக ரத்தம்' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே பெரிய விஷயம் அதுதான். பூனையின் பல் ஊசி மாதிரி. மேலே கடுகளவு துளை, உள்ளே ஆழம். அதன் வாயில் இருக்கும் பாஸ்டுரெல்லா என்ற பாக்டீரியா அந்தத் துளைக்குள் போய்விடும், மேல்தோல் மூடிக்கொள்ளும். இன்று சுறுசுறுப்பாக இருக்கும் குட்டி, இரண்டு மூன்று நாளில் ரத்தத்தில் விஷம் ஏறிச் செத்துப்போகலாம். ஆன்டிபயாடிக் இன்றே போயாக வேண்டும், அளவை எடை பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும். மஞ்சள் பத்து துளையை அடைக்குமே தவிர, உள்ளே இருப்பதை ஒன்றும் செய்யாது. ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் 9 கிராம் உப்புக் கரைத்துக் காயத்தைக் கழுவுங்கள், போதும். டெட்டால் வேண்டாம். வலிக்குமே என்று பாரசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு அது விஷம், மரநாயும் பூனைக்கு உறவுக்கார விலங்குதான்.

பொள்ளாச்சிப் பயணம் வேண்டாம். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் 48-ஏ பிரிவுப்படி அனுமதி இல்லாமல் காட்டு விலங்கை ஏற்றிச் செல்லக் கூடாது. மாநில எல்லையில் கோபாலபுரம் செக்போஸ்டில் பெட்டியைத் திறக்கச் சொன்னால், நல்லது செய்யப் போன நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். வளர்க்கும் பேச்சுக்கும் இடமில்லை. இப்படிக் கைக்கு வந்ததை 48 மணி நேரத்துக்குள் போலீசுக்கோ வனத்துறைக்கோ தெரிவிக்கச் சொல்கிறது அதே சட்டத்தின் 39-ஆம் பிரிவு. பையனிடம் சட்டம் பேச வேண்டாம். இன்னும் சில மாதத்தில் இது பகலெல்லாம் தூங்கி, ராத்திரி முழுக்கக் கடித்துக் குதறும் என்று சொல்லுங்கள், புரிந்துகொள்வான்.

அருகிலுள்ள கேரள வனத்துறை ரேஞ்ச் ஆபீசுக்குப் போன் போடுங்கள். அங்கே 'மரநாய்' என்று சொல்லிவிடாதீர்கள். மலையாளத்தில் அது மலைக்காட்டில் வாழும், கழுத்தடி மஞ்சளான வேறொரு விலங்கு. நம் ஓட்டுக்கு மேல் ஓடுவதும், சித்தூர்ப் பக்கம் கள்ளுப் பானையில் வாய் வைப்பதும் அவர்களுக்கு 'மரப்பட்டி'. பூனை கடித்தது என்பதை முதலிலேயே சொல்லி, அவர்கள் வரத் தாமதமானால் பஞ்சாயத்து மிருகாஸ்பத்திரிக்கு நீங்களே கொண்டு போகலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். யார், எத்தனை மணிக்குச் சொன்னார்கள் என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள்.

பையனின் விரலைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, இன்றே ஆரோக்கிய கேந்திரத்துக்குக் கூட்டிப் போங்கள். பாலூட்டி விலங்கு எதுவாக இருந்தாலும், குட்டியே ஆனாலும், ரேபிஸ் கணக்கில் சேர்த்தி. கையில் தோலுக்குள் போடும் ரேபிஸ் தடுப்பூசி என்றால் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில். கீறலில் ரத்தம் வந்திருந்தால் இம்யூனோகுளோபுலினும் (காயத்தில் போடும் ரேபிஸ் எதிர்ப்பு மருந்து) தேவையா என்று கேளுங்கள். அதைத் தூக்கிய எல்லோரும் தங்கள் கையையும் பார்த்துக்கொள்ளட்டும்.

மரப்பட்டி ஓர் ஈற்றில் இரண்டு முதல் ஐந்து குட்டி வரை போடும். ஆகவே உங்கள் மச்சில் இன்னும் இருக்கலாம். புகை போடுவது, ஓடு மாற்றுவது எல்லாம் இரண்டு மாதம் தள்ளி வையுங்கள், அதற்குள் பால்குடி மறந்திருக்கும். இன்னொன்று விழுந்து, காயமே இல்லை என்றால் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. ஒரு கூடையில் துணி போட்டு வைத்து, பொழுது சாய்ந்ததும் விழுந்த இடத்துக்கு நேர் மேலே கூரையோரம் கட்டிவிடுங்கள். மனித வாசனை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது கட்டுக்கதை. ராத்திரி வந்து பிடரியைக் கவ்வித் தூக்கிப் போய்விடும். அன்றைக்கு மட்டுமாவது பூனையை வீட்டுக்குள் அடைத்து வையுங்கள்.