ஃபெத்தியேயில் குடியேற நினைப்பவர்களின் கேள்விகள்

துருக்கியின் தென்மேற்குக் கரையில் இருக்கிற ஃபெத்தியேயில் எங்களுக்கு இது எட்டாவது குளிர்காலம். குடியேற ஆசைப்படுகிறவர்களும் புதிதாக வந்து இறங்கியவர்களும் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஜூலையில் வந்திருந்தோம். சாலிஷ் கடற்கரைப் பக்கம் ஒரு வீடு மனதுக்குப் பிடித்துவிட்டது. முன்பணம் கொடுத்து வாங்கிவிடலாமா?

வேண்டாம். ஜனவரியில் இன்னொரு முறை வந்து, அதே வீட்டின் வடக்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். இந்தக் கரையோர வீடுகள் பெரும்பாலும் கோடைக்காகக் கட்டியவை. டைல்ஸ் தரை, பெரிய கண்ணாடிக் கதவு, மெல்லிய சுவர். ஜூலையில் சொர்க்கம்தான். நவம்பரில் மழை தொடங்கி, மார்ச் வரை விட்டுவிட்டுப் பெய்யும். எங்கள் முதல் வீட்டைக் காட்டிய தரகர், "இங்கே குளிர்காலமே கிடையாது" என்றார். பிப்ரவரியில் அலமாரியைத் திறந்தால் அடித்தட்டில் இருந்த பருத்திப் புடவையில் கறுப்புப் புள்ளிகள், தோல் செருப்பில் வெள்ளைப் பூஞ்சணம். தேய்த்துத் தேய்த்துத் துவைத்தும் அந்தப் புடவைக் கறை போகவில்லை.

வீடு பார்க்கும்போது மொட்டை மாடிக்கும் ஏறுங்கள். வெந்நீர் பெரும்பாலும் அங்கே இருக்கும் சூரிய ஒளித் தொட்டியிலிருந்துதான் வரும். மூன்று நாள் மேகமூட்டம் என்றால் குழாயில் பச்சைத் தண்ணீர்தான். தொட்டிக்குள் மின்சார ஹீட்டர் இருக்கிறதா என்று கேளுங்கள்.

விறகு அடுப்பு உள்ள வீடாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அதற்கு இங்கே 'சோபா' என்று பெயர். தெற்கிலிருந்து 'லோடோஸ்' காற்று வீசும் நாட்களில் புகைபோக்கி வழியாகப் புகை வீட்டுக்குள் திரும்பி வரும். அதில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். ஒவ்வொரு குளிர்காலமும் துருக்கியில் இப்படிச் சாவுகள் நடக்கின்றன. லோடோஸ் இரவில் அடுப்பை அணைத்துவிட்டுப் படுங்கள். எச்சரிக்கைக் கருவி ஒன்றைப் படுக்கையறைப் பக்கம் மாட்டிவிடுங்கள். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

ஒரு வருடம் வாடகைக்கு இருங்கள். அப்புறம் வாங்குவதைப் பற்றிப் பேசலாம்.

கேள்வி: வாடகை ஒப்பந்தம் இருந்தால் குடியிருப்பு அனுமதி கிடைத்துவிடுமா?

ஒப்பந்தம் மட்டும் போதாது. வீடு எந்தப் பேட்டையில் இருக்கிறது என்பதே முதல் விஷயம். 2022 ஜூலை முதல், வெளிநாட்டவர் 20 சதவீதத்தைத் தாண்டிய பேட்டைகளைப் புதிதாகப் பதிவு செய்கிறவர்களுக்கு மூடி வைத்தார்கள். அதனால் வீடு அழகாக இருக்கும், விலாசம் செல்லாது என்ற நிலை வரலாம். கையெழுத்துப் போடுவதற்கு முன்பே குடியேற்ற அலுவலகத்தில் விலாசத்தைக் காட்டிக் கேட்டுவிடுங்கள். ஒப்பந்தத்தை 'நோட்டர்' அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். துருக்கி மொழி தெரியாவிட்டால் அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் இருக்க வேண்டும்; அவருக்கான கூலியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். வீடு வாங்கி அதன் பேரில் அனுமதி கேட்பதானால், 2023 அக்டோபர் முதல் அந்த வீட்டின் மதிப்பு குறைந்தது 2 லட்சம் டாலர் இருக்க வேண்டும். குடியிருப்பு அனுமதி அட்டை கைக்கு வந்த பிறகு வீடு மாறினால் 20 வேலை நாட்களுக்குள் புது விலாசத்தைத் தெரிவியுங்கள். இதை மறந்து அபராதம் கட்டியவர்கள் நிறைய.

கேள்வி: ஊரிலிருந்து கொண்டுவந்த செல்போன் திடீரென்று வேலை செய்யவில்லை. பழுதா?

பழுது இல்லை. வெளிநாட்டில் வாங்கிய போனில் துருக்கி சிம் போட்டால் 120 நாள்தான் ஓடும். பிறகு கட்டணம் கட்டிப் பதிவு செய்ய வேண்டும். அந்தக் கட்டணத்தில் ஒரு நல்ல போனே வாங்கலாம். உள்ளூரில் மலிவான போன் ஒன்று வாங்கி, துருக்கி சிம்மை அதில் போட்டுவிடுங்கள்.

கேள்வி: சைவச் சமையல் செய்கிற வீடு எங்களுடையது. அங்கே என்ன கிடைக்கும்?

நிறையவே கிடைக்கும், பெயர் தெரிந்தால். செவ்வாய்க்கிழமைச் சந்தைக்குப் போய் 'செமிஸ்ஒட்டு' என்று கேளுங்கள். கட்டுக்கட்டாகக் கொடுப்பார்கள். தண்டைக் கிள்ளினால் சாறு கசியும், இலை வழவழவென்று தடித்திருக்கும், நம் பருப்புக்கீரையேதான். இவர்கள் பச்சையாகவே தயிரில் பிசைந்து சாப்பிடுகிறார்கள். நான் மைசூர்ப் பருப்போடு கடைகிறேன். அந்தப் பருப்பு இங்கே எந்த மளிகைக் கடையிலும் உண்டு, 'கிர்மிஸி மெர்ஜிமெக்' என்பார்கள். ரவைக்கு 'இர்மிக்'. 'லெப்லெபி' என்றால் வறுத்த கொண்டைக்கடலை. தோல் நீக்கிய மஞ்சள் லெப்லெபியை வாங்கினால் பொட்டுக்கடலைச் சட்னி கச்சிதமாக வரும். புளி, நாட்டு மருந்துக் கடையில் 'தெமிர்ஹிந்தி' என்ற பெயரில் இருக்கும். அவர்கள் அதைச் சர்பத்துக்கு வாங்குகிறார்கள். 'பால்தோ' அரிசி குழைந்துவிடும், தயிர் சாதத்துக்கு நல்லது. குழம்பு சாதத்துக்கு 'ஒஸ்மான்ஜிக்' வாங்குங்கள்.

உளுந்தும் பெருங்காயமும் ஃபெத்தியேயில் என் கண்ணில் பட்டதில்லை. கறிவேப்பிலைக்கு நான் இன்னும் ஏங்குகிறேன். பச்சை மிளகாயைப் பார்த்து ஏமாறாதீர்கள், பாதி உறைப்பே இருக்காது. "ஆஜி மி?" (உறைக்குமா?) என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: நிலநடுக்கப் பகுதி என்கிறார்களே, பயமில்லையா?

பயம் இருக்கிறது. 1957 ஏப்ரல் 24 இரவு ஒரு பெரிய அதிர்ச்சி. மறுநாள் விடியற்காலையில் 7.1 அளவில் இன்னொன்று. ஊரின் பெரும்பகுதி விழுந்தது. முதல் அதிர்ச்சிக்குப் பிறகு மக்களை வீடுகளுக்கு வெளியே இருக்கச் செய்ததால் பல உயிர்கள் தப்பின. இந்தப் பகுதியில் பண்டைக் காலத்தில் வாழ்ந்த லிசிய மக்கள் மலையில் குடைந்த கல்லறைகளுக்குக் கீழே, இவ்வளவு பழைய ஊரில் பழைய வீடுகளே அதிகம் இல்லாததற்கு அதுதான் காரணம்.

வீட்டுக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். கட்டிய வருடம் எது? 'இஸ்கான்' என்கிற குடியிருப்புச் சான்று உண்டா? 'தாஸ்க்' எனும் கட்டாய நிலநடுக்கக் காப்பீடு நடப்பில் இருக்கிறதா? அந்தக் காப்பீட்டு எண் இல்லாமல் மின் இணைப்பை உங்கள் பெயருக்கு மாற்ற முடியாது. கடலோரச் சமவெளி வண்டல் மண், அதிகம் ஆடும். நான் அதனால்தான் மேட்டுப் பக்கம் மாறினேன்.

கேள்வி: பக்கத்து வீட்டு அம்மா கோதுமை, கொண்டைக்கடலை, உலர்ந்த அத்திப்பழம் எல்லாம் போட்ட இனிப்புக் கஞ்சியை ஒரு கிண்ணத்தில் கொடுத்துவிட்டுப் போனார். பதிலுக்கு என்ன செய்வது?

அது 'ஆஷுரே'. முஹர்ரம் மாதத்தில் பெரிய அண்டாவில் காய்ச்சி, தெருவுக்கே கொடுப்பார்கள். நோவாவின் கப்பல் கரை தட்டியபோது மிச்சமிருந்ததையெல்லாம் போட்டுச் சமைத்தது என்று கதை சொல்வார்கள். கிண்ணத்தைக் கழுவி வெறுமனே திருப்பிக் கொடுக்காதீர்கள். நம் வீடுகளைப் போலவே இங்கும் அது வழக்கமில்லை. இர்மிக் வாங்கிக் கேசரி கிளறி அதில் நிரப்பிக் கொண்டுபோங்கள். அவர்களுடைய ரவை ஹல்வாவுக்கு அது அக்காள் தங்கை முறை. செருப்பை வாசலில் விட்டு, அவரை 'தெய்ஸே' என்று கூப்பிடுங்கள். பெரியம்மா, சித்தி என்கிற மாதிரி. உங்களைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர் என்றால் 'அப்லா', அக்கா. உள்ளே அழைத்துத் தேநீர் கொடுப்பார். குடித்து முடித்ததும் கண்ணாடிக் கோப்பை மறுபடி நிரம்பும், மறுபடி நிரம்பும். போதும் என்றால் ஸ்பூனைக் கோப்பையின் வாயில் குறுக்கே வைத்துவிடுங்கள். அவர் புரிந்துகொள்வார்.