கேள்வி பதில்: ரூர் பகுதியின் ‘வாட்ஸ்’ நாளிதழும் ஃபுங்கே குழுமமும்

கேள்வி: வணக்கம் ஐயா. போரில் தோற்று நொறுங்கிக் கிடந்த ஜெர்மனியில் 1948-இல் ஒரு நாளிதழைத் தொடங்க யார் அனுமதித்தார்கள்?

பதில்: வணக்கம். அனுமதித்தது பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகம். ரூர் நிலக்கரிப் பகுதி அவர்கள் வசம் இருந்தது. உரிமம் இல்லாமல் அங்கே யாரும் பத்திரிகை நடத்த முடியாது. நாஜிகளோடு ஒட்டாதவர்களுக்கே உரிமம் கிடைத்தது. எரிஷ் புரோஸ்ட் டான்சிக் நகரில் சமூக ஜனநாயகக் கட்சி ஏட்டில் எழுதியவர். நாடு விட்டு நாடு தப்பி, லண்டனில் பிபிசியில் பணியாற்றியவர். அவர் எஸ்ஸன் நகரப் பத்திரிகையாளர் யாகோப் ஃபுங்கேயைச் சேர்த்துக்கொண்டார். ஏப்ரல் 3 அன்று வெஸ்ட்டாய்ச்சே அல்கெமைனே சைத்துங் வெளிவந்தது. அதைத்தான் ‘வாட்ஸ்’ என்கிறார்கள்.

கேள்வி: இருவருக்கும் சரிபாதிப் பங்காமே. இழுபறி வரவில்லையா?

பதில்: வாரிசுகள் காலத்தில் வந்தது. ஒரு குடும்பம் தலையசைக்காவிட்டால் எதுவும் நகராது. 2012-இல் ஃபுங்கேயின் மகள் பெட்ரா குரோட்காம்ப் புரோஸ்ட் தரப்பின் பாதியை வாங்கினார். மறு ஆண்டே ஹாம்புர்கர் ஆபென்ட்பிளாட், பெர்லினர் மோர்கன்போஸ்ட் ஆகிய நாளிதழ்களையும் சில வார இதழ்களையும் ஆக்ஸல் ஸ்பிரிங்கர் நிறுவனத்திடமிருந்து 92 கோடி யூரோவுக்கு வாங்க ஒப்பந்தம் போட்டார்கள்.

கேள்வி: ‘வாட்ஸ் மாதிரி’ என்று அடிக்கடி படிக்கிறேன். அது என்ன?

பதில்: இந்த நிறுவனத்தின் வரலாற்றில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான். 1970-களின் நடுவில் போட்டி ஏடுகளை ‘வாட்ஸ்’ ஒவ்வொன்றாக வாங்கியது: இடதுசாரிச் சாய்வுள்ள நொய ரூர் சைத்துங் (என்ஆர்இசட்), டோர்ட்முண்டின் வெஸ்ட்ஃபேலிஷே ருண்ட்ஷாவ், பழமைவாதப் போக்குள்ள வெஸ்ட்ஃபாலன்போஸ்ட். அச்சகமும் விளம்பரப் பிரிவும் பொது. ஆசிரியர் குழுக்கள் மட்டும் தனித்தனி. ஒரே முதலாளியின் நிருபர்கள் ஒரே நகர்மன்றக் கூட்டத்தில் உட்கார்ந்து, மறுநாள் வெவ்வேறு பார்வையில் எழுதினார்கள். முதலாளி ஒருவரே என்றாலும் வாசகனுக்குக் குரல் பல இருந்தன.

2013-இல் அந்த ஏற்பாட்டில் பெரிய ஓட்டை விழுந்தது. நஷ்டத்தைக் காரணம் காட்டி வெஸ்ட்ஃபேலிஷே ருண்ட்ஷாவின் ஆசிரியர் குழுவைக் கலைத்தார்கள். சுமார் 120 பேரின் வேலை போயிற்று. பத்திரிகையை நிறுத்தவில்லை. பெயரும் முகப்பும் அப்படியே இருக்க, டோர்ட்முண்டின் உள்ளூர்ச் செய்திகளைப் போட்டிப் பத்திரிகையான ரூர் நாஹ்ரிஷ்டனிடமிருந்து வாங்கிப் போட்டார்கள். நஷ்டம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் சொந்த நிருபர் ஒருவர்கூட இல்லாத ஏட்டைப் பழைய பெயரிலேயே விற்பது சந்தாதாரருக்குச் செய்யும் அநியாயம் என்பேன்.

கேள்வி: இனி அச்சுப் பிரதி கிராமங்களுக்குப் போகுமா ஐயா?

பதில்: சில ஊர்களில் ஏற்கெனவே நின்றுவிட்டது. கிழக்கே துரிங்கியாவில் கிரைட்ஸ் வட்டாரத்தின் சில கிராமங்களுக்கு, ‘வாட்ஸ்’ இதழை நடத்தும் ஃபுங்கே குழுமத்தின் ஓஸ்ட்துரிங்கர் சைத்துங் நாளிதழ் 2023 மே முதல் அச்சுப் பிரதி அனுப்பவில்லை. பாதிக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 300 சந்தாதாரர்கள். வீடுகள் தள்ளித் தள்ளி இருப்பதால் விநியோகச் செலவு கட்டுப்படியாகவில்லை என்றார்கள். அந்த வாசகர்களுக்கு மின்னிதழைப் படிக்கச் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்தார்கள்.