கல்லறைக்கு வருவோரைப் பற்றி அவர் அஞ்சியது – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

அண்மையில் இங்கிலாந்து சென்றபோது டர்ஹம் பேராலயத்தில் புனித கத்பர்ட்டின் கல்லறையைக் கண்டேன். மனிதரை விட்டு விலகிக் கடல்தீவில் தனித்து வாழ்ந்த ஒருவரின் மேல் இத்தனை பெரிய ஆலயத்தையும் கூட்டத்தையும் சுமத்தியது, அவருடைய துறவுக்குச் செய்த துரோகம் அல்லவா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கேள்வி நியாயமானது. ஆனால் கத்பர்ட் தாமே அதை எதிர்கொண்டிருக்கிறார்.

நம் கத்தோலிக்கர் வனத்துச் சின்னப்பர் என்று வணங்கும் துறவிக்கு எகிப்தின் பாலைவனம் எப்படியோ, அப்படித்தான் 676 முதல் கத்பர்ட்டுக்கு ஃபார்ன் தீவு. ஏறத்தாழ 721இல் அவருடைய வரலாற்றை எழுதிய பீட் என்ற துறவி, உள்ளிருப்பவர் வானத்தைத் தவிர வேறெதையும் காண முடியாதபடி அவர் தம் குடிலுக்கு மதில் எழுப்பியதைச் சொல்கிறார். படகுத்துறை அருகே, வருகிறவர்கள் தங்குவதற்கென்று பெரியதொரு வீட்டைக் கட்டியதையும் அவரே சொல்கிறார். ஆக, அவர் உயிரோடிருந்தபோதே மக்கள் தொலைவிலிருந்து தங்கள் துயரங்களைச் சுமந்துகொண்டு அந்தத் தீவுக்கு வந்தார்கள். அவரும் அவர்களை ஆறுதலின்றி அனுப்பவில்லை.

687இல் அவர் இறக்கும் தறுவாயில் நடந்த உரையாடல்தான் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. தம்மை அந்தத் தீவிலேயே புதைக்கும்படி அவர் கேட்டார். தாம் சார்ந்திருந்த லிண்டிஸ்ஃபார்ன் மடத்துக்கு உடலைக் கொண்டுபோனால், அடைக்கலம் தேடிக் குற்றவாளிகளும் தப்பியோடியவர்களும் கல்லறைக்கு வருவார்கள் என்றும், அவர்களுக்காக அதிகாரம் உள்ளவர்களிடம் ஓயாமல் மன்றாட வேண்டிய பாரம் மடத்துச் சகோதரர்கள் மேல் விழும் என்றும் அவர் காரணம் சொன்னார். தமது தனிமை குலையும் என்று அவர் அஞ்சவில்லை என்பதைக் கவனியுங்கள். அந்தப் பாரத்தை மகிழ்ச்சியோடு சுமப்போம் என்று சகோதரர்கள் நெடுநேரம் வேண்டிய பிறகே இசைந்தார். ஆகவே கல்லறை வணக்கம் அவருக்குத் தெரியாமல் அவர்மேல் ஏற்றப்பட்டதன்று. அகதிகளுக்கு ஒரு வாசலாக, பிறர் மனமுவந்து ஏற்ற உழைப்பாக, அது அவருடைய சம்மதத்தோடு தொடங்கியது.

698இல் பேழையைத் திறந்தபோது உடல் அழியாதிருந்தது என்ற செய்தி பரவியது. வைக்கிங் என்ற கடற்கொள்ளையரின் தாக்குதல்களால் 875இல் துறவிகள் அந்த உடலோடு இடம்பெயர்ந்தார்கள். 995இல் அது டர்ஹம் வந்து சேர்ந்தது.

துரோகம் என்ற சொல்லை நான் பயன்படுத்துவதானால், கூட்டத்தைக் குறித்து அல்ல. பேராலயத்தின் தரையில், மேற்கு முனைக்கருகே, குறுக்காகப் பதித்த ஒரு கரும்பளிங்குக் கோடு இன்றும் இருக்கிறது. உங்கள் கண்ணில் பட்டிருக்கலாம். பெண்கள் அதைத் தாண்டிக் கல்லறைப் பக்கம் செல்லக் கூடாது என்பது அங்கிருந்த பெனடிக்ட் சபைத் துறவிகளின் விதி. புனிதர் பெண்களை வெறுத்தார் என்று அதற்கு ஒரு கதையும் பிற்காலத்தில் சேர்ந்துகொண்டது. பீட் எழுதியதிலோ அப்படி ஒரு வெறுப்பே இல்லை. மடத்தலைவி எல்ஃபிளெட் அழைத்தபோது கத்பர்ட் படகேறிச் சென்று அவரைச் சந்தித்தார். வெர்கா என்ற மற்றொரு மடத்தலைவி கொடுத்த துணியை உயிரோடிருந்தவரை உடுத்த மனமில்லாதவர், அவர்மேல் கொண்ட அன்பினால் அதை எடுத்து வைத்திருந்து, தம் உடலை அதிலேயே சுற்றும்படி கேட்டுக்கொண்டார்.